கறுப்புக் காரும் என் கை எட்டாத இடமும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரம் புறவழிச்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு வாட்டர் சர்வீஸில் நடந்தது இது. நடந்தது என்பதைவிட, நான் நடத்தியது என்று சொல்வதுதான் சரி.

எனக்கு வீடு திண்டிவனத்தில். வேலை விழுப்புரத்தில், ஓர் அரசு அலுவலகத்தில். தினமும் ரயிலில் போய் வருகிறவன். நாற்பத்தேழு வயதில்தான் முதன்முதலாகக் கார் வாங்கினேன். பழைய கார்தான். ஆனால் சென்னையில் ஒருவர் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்தது. கறுப்பு நிறம். கறுப்பு வேண்டாம், தூசி பளிச்சென்று தெரியும் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். தெரிந்தால்தானே துடைக்க முடியும் என்று நான் நினைத்தேன். எனக்குத் துடைப்பதில் அப்படி ஒரு வெறி. அலுவலகத்தில் என் மேசையில் டீ டம்ளரை வைக்க யாருக்கும் தைரியம் கிடையாது.

காலையில் ஆறு மணிக்கு முன்பே வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போய்விடுவேன். ஒரு வாளித் தண்ணீர், துணி துவைக்கிற சோப்புத்தூள் ஒரு பிடி, என் பழைய பனியன். இவ்வளவுதான். "பல்லு வெளக்குறதுக்கு முன்னால காரை வெளக்கப் போயிட்டாரு" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமைதோறும் பானெட்டில் விபூதிப் பட்டை போட்டு, நடுவில் சந்தனம் குங்குமம் வைப்பேன். மறுநாள் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ மாட்டேன். விபூதித் தண்ணீர் வாசலில் ஓடினால் போகிற வருகிறவர்கள் மிதிப்பார்கள், பாவம். அதனால் காய்ந்த பனியனால் வட்ட வட்டமாகத் தேய்த்தே எடுத்துவிடுவேன். அப்படித் தேய்க்கும்போது ஒருநாள் ஒரு யோசனை வந்தது. வெள்ளி விளக்கையே விபூதி போட்டுத்தானே பளபளக்க வைக்கிறோம், காருக்கு மட்டும் ஆகாதா? அன்றிலிருந்து சனிக்கிழமை காலைகளில் கதவு, டிக்கி, கூரையின் ஓரம் என்று கை எட்டிய இடமெல்லாம் விபூதியும் பனியனும்தான். ஷெட் நிழலில் பார்க்க நன்றாகத்தான் மின்னியது. கூரையின் நடுப்பகுதி மட்டும் எனக்கு எட்டாது. என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அங்கே ஷெட்டுக் குழாயில் உட்காரும் புறாக்களின் எச்சம் திட்டாகக் காய்ந்து கிடக்கும். மக்கில் தண்ணீர் மொண்டு விசிறிவிட்டு, நம் கண்ணுக்குத் தெரியாதது ஊர் கண்ணுக்கும் தெரியாது என்று விட்டுவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஒரு சக ஊழியரின் புதுமனை புகுவிழா. வழியில் சாலை வேலை நடந்த இடத்தில் லாரி ஒன்று சேற்றை வாரி அடித்துவிட்டது. சேறு படிந்த காரோடு அத்தனை பேர் முன்னால் போய் இறங்க என்னால் முடியுமா? நேராக அந்த வாட்டர் சர்வீஸில் விட்டேன்.

காரைத் துடைத்தது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. பலகை மேல் ஏறி நின்று கூரை முழுவதையும் துடைத்தார். ஒரு கதவு முடிந்ததும் துணியைத் தனியாக ஒரு வாளியில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் அடுத்த கதவுக்கு வந்தார். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "எம்மா நேரம் துடைப்ப? ஜல்தி" என்று விரட்டினேன். "மண்ணு துணியில ஒட்டிக்கினு இருக்கும் சார்" என்று மட்டும் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

விழா வீட்டு வாசலில் நிழல் இல்லை. உச்சி வெயிலில் காரை நிறுத்தினேன். சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வந்தால், நாலைந்து பேர் என் காரைச் சுற்றி நிற்கிறார்கள். பெருமையோடு போனேன். எங்கள் அலுவலகத்துக்காரர் ஒருவர் பானெட்டைக் காட்டி, "இன்னா சார், பாத்திரம் தேய்க்கிற நாரை வெச்சி கழுவினீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

குனிந்து பார்த்தேன். பானெட்டில் சூரியன் பிரதிபலித்த இடத்தைச் சுற்றிலும் ஆயிரம் மெல்லிய கீறல்கள், சிலந்தி வலை மாதிரி, வட்ட வட்டமாக. கதவில் அப்படி. டிக்கியில் அப்படி. காலையில்தான் ஒருவர் இந்தக் காரைத் துடைத்திருக்கிறார். வேறு யாராக இருக்க முடியும்?

வந்த வேகத்தில் காரை அந்த வாட்டர் சர்வீஸ் வாசலில் நிறுத்தி இறங்கினேன். நான் என்னவெல்லாம் கத்தினேன் என்று முழுதாக இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. வாடகை வேன்காரர், ஷேர் ஆட்டோக்காரர், இன்னும் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். மண்ணுத் துணியால் காரை நாசம் பண்ணிவிட்டாள் என்றேன். அவள், இவள் என்றுதான் பேசினேன். அந்தப் பெண் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "நான் தொடைக்கும்போதே இருந்துச்சிங்க சார்."

"எதிர்த்து வேற பேசுறியா?" என்று பாய்ந்தேன்.

சர்வீஸ் உரிமையாளரின் இடம் சம்பந்தமான மனு ஒன்று எங்கள் அலுவலகத்தில் இருந்தது. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் யோசிக்கவே இல்லை. "நீ நாளையிலருந்து வராதம்மா" என்று அங்கேயே சொல்லிவிட்டார். அந்தப் பெண் கையிலிருந்த துணியை அலசி, பிழிந்து, கொடியில் விரித்துப் போட்டார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகும், நல்ல காரியம் பண்ணிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே காரைச் சரிசெய்ய விசாரித்தேன். இதற்கென்று இருக்கும் பெரிய கடை ஒன்றில் என் அரை மாதச் சம்பளத்தைக் கேட்டார்கள். வீட்டுக் கடன் கட்டுகிறவனுக்கு அது ஆகிற காரியமா? சரி, நாமே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டால் நான் பிடிவாதக்காரன். ரயிலில் போகும்போதும் வரும்போதும் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கீறல் பெயிண்ட்டில் இல்லை, பெயிண்ட்டுக்கு மேல் கண்ணாடி மாதிரி இருக்கும் மெல்லிய பூச்சில்தான் இருக்கிறது என்றார்கள். மிஷின் இல்லாமல் கையாலேயே எடுக்கலாம், பொறுமைதான் வேண்டும் என்றார்கள். திண்டிவனத்தில் உதிரிபாகக் கடையில் கீறலைத் தேய்த்து எடுக்கும் காம்பவுண்டுப் பசை ஒரு சின்ன டப்பாவும் ஒரு பாட்டில் பாலிஷும் வாங்கினேன். பஞ்சு மாதிரி இருக்கும் மைக்ரோஃபைபர் துணி ஆறு. இன்னொரு வாளி. அவ்வளவுதான் செலவு.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தேன். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொரு வாளியில் துணி அலசுவதற்கு வெறும் தண்ணீர். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு நொடி தோன்றியது. எங்கே என்று யோசிக்க அப்போது எனக்கு மனமில்லை. பானெட்டில் ஓரடிச் சதுரத்துக்கு டேப் ஒட்டி, பயறு அளவு காம்பவுண்ட் வைத்து, நேர்கோட்டில் தேய்த்தேன். வட்டமாகத் தேய்க்கவே கூடாதாம். அரை மணி நேரத்தில் தோள் விட்டுப்போயிற்று. துடைத்துவிட்டு செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், அந்த ஓரடியில் வலை பாதிக்குமேல் மறைந்திருந்தது. விசில் அடிக்காத குறைதான்.

உற்சாகத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, கூரையில் எவ்வளவு சேதம் என்று டார்ச் அடித்தேன். ஓரங்களில் வட்ட வட்டமாகக் கீறல். கைநீளத்துக்கு அப்படியே போய், சட்டென்று நின்றுவிட்டது. நடுவில், ஒரு ஆள் படுக்கிற பாய் அளவுக்கு, ஒரு கீறல் இல்லை. டார்ச் வெளிச்சம் குண்டூசித் தலை மாதிரி சுத்தமாகத் தெரிந்தது. காய்ந்து கிடந்த பழைய புறா எச்சமும் இல்லை.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அந்தப் பெண் பலகை மேல் நின்று கூரை முழுவதையும் துடைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். புறா எச்சத்தைக்கூட எடுத்திருக்கிறார். அவர் கை பட்டும் நடுவில் ஒரு கீறல் இல்லை. கீறல் இருந்ததெல்லாம் தரையில் நின்றபடி ஓர் ஐந்தடி இரண்டு அங்குல மனிதனின் கை எட்டுகிற தூரம் வரைக்கும்தான். அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் என் கை போட்டவை. சந்தேகத்துக்குக் கீழே இறங்கி நின்று, வெறும் கையால் தேய்த்துப் பார்த்தேன். கீறல் நிற்கிற இடத்தில் என் விரல் நுனி நின்றது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கேப்பைக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு, "அந்தப் பொம்பள எப்படிப் பொழைக்குதோ. போயிச் சொல்லுங்க" என்றாள். நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்ததும் மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

சொல்வது சுலபம். மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நாலாவது நாள் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்திலிருந்து நடந்தே அந்த வாட்டர் சர்வீஸுக்குப் போய், தப்பு என்னுடையது என்று உரிமையாளரிடம் மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி சொன்னேன். அவர் சிரித்தார். "விடுங்க சார். வேற ஆளு போட்டாச்சி. இதுக்குப் போயி நீங்க பேஜாராவாதீங்க" என்றார். விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வளாகத்தின் கொடியில் அந்தப் பெண் விரித்துப் போட்டுவிட்டுப் போன மாதிரியே ஒரு துணி தொங்கியது. அவர் ஊர் எது என்று கேட்டேன். கண்டமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். பானெட்டின் பாதி பளபளவென்றும் பாதி வலையாகவும் இருந்தது. ஊருக்குள் விசாரித்ததில், மல்லாட்டை ஆயப் போயிருக்கிறார் என்று ஒரு கொல்லையைக் கைகாட்டினார்கள். பிடுங்கிக் குவித்த நிலக்கடலைச் செடிகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். கார் நின்றதும் ஒரு பெண், "உன்னிய கூட்டிக்கினு போவ காரே வந்துக்கிது பாருடி" என்று கிண்டல் செய்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து முதலில் பானெட்டைத்தான் பார்த்தார்.

"கையால போட்டீங்களா? ரொம்ப அழுத்தாதீங்க. அழுத்துனா மங்கிப்புடும்" என்றார்.

வெயிலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். விபூதி, பனியன், கூரை, எட்டாத நடுப்பகுதி. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசினேன். அன்றைக்கு ஏன் அது வாயில் வரவில்லை என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குத் தெரியும். அது நல்ல பதில் இல்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நான்தான் அன்னிக்கே சொன்னனே சார். கூரையத் தொடைக்கும்போதே பாத்துட்டேன். யாரு கேக்குறாங்க?" கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இந்த வேல இன்னும் பத்து நாளிக்கிதான். அங்க வருஷம் பூரா வேல. அது போனாக்கூட போவட்டும். வேற எந்த சர்வீஸுக்குப் போனாலும், வண்டியக் கீறிப்புட்ட பொம்பளன்னு சொல்லிக்கினு இருக்காங்க. மூணு எடத்துல திருப்பி அனுப்பிச்சிட்டாங்க."

"நான் தப்புப் பண்ணிட்டேங்க" என்றேன்.

"இங்க சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? இவங்க யாரும் அன்னிக்கி அங்க இல்லியே. அங்க வந்து சொல்லுங்க."

திரும்பி வரும்போது அந்த ஒரு வாக்கியம்தான் காரில் என்னோடு வந்தது. என்ன விலை கேட்டிருந்தாலும் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதினைந்து பேர் முன்னால் நின்று, நான் ஒரு மடையன் என்று சொல்வதைத்தான் அவர் கேட்டார். எங்கள் அலுவலக விஷயம் தெரிந்தவர்கள், என்னை 'சார்' என்று கும்பிடுகிறவர்கள் அங்கே வருவார்கள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்தபோது மனது ஒரு பக்கமாக நின்றுவிட்டிருந்தது. சொல்வது. சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிறு, காலை பதினோரு மணி. கூட்டம் அதிகமாக இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். நான் சொல்லி அனுப்பியிருந்தபடி அந்தப் பெண்ணும் வந்து சாலை ஓரமாக நின்றார். வீட்டிலிருந்து கொண்டுபோன ஸ்டூலைக் கார் பக்கத்தில் போட்டேன். அன்று வேடிக்கை பார்த்த வேன்காரரையும் ஷேர் ஆட்டோக்காரரையும் கூப்பிட்டேன். "அன்னிக்கு இவங்க மேல பழி போட்டேன். இவங்க கீறல. நான்தான் கீறினேன். ஏறிப் பாருங்க" என்றேன்.

ஷேர் ஆட்டோக்காரர் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தார். நான் கீழே நின்று கையை நீட்டிக் காட்டினேன். "அட, கை கரெக்டா நிக்குது பாருய்யா" என்று அவர் கத்தினார். ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தார்கள். எதை வைத்துத் தேய்த்தீர்கள் என்று ஒருவர் கேட்க, விபூதி என்று சொன்னேன். பிறகு எழுந்த சிரிப்பு சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடைவரை கேட்டிருக்கும். "சார் காருக்கே மோட்சம் குடுத்துட்டாரு" என்றார் ஒருவர். ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. நின்றேன். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

உரிமையாளர் மட்டும் இழுத்தார். இரண்டு பேருக்குக் கூலி கொடுக்க முடியாது என்றார். அதற்குள் வேன்காரர் குறுக்கே வந்தார். "இந்தம்மா போனதுலருந்து வண்டியில தண்ணித் திட்டு அப்படியே நிக்குது. இவங்க வந்தாதான் நான் வண்டிய இங்க வுடுவேன்." இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். நான் உரிமையாளரிடம் இன்னொன்றும் சொன்னேன். அவர் மனுவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, அன்றைக்கும் இருந்திருக்கக் கூடாது என்று. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "சரி, நாளிக்கி காலையில வந்துடும்மா" என்றார்.

அந்தப் பெண் உடனே தலையாட்டிவிடவில்லை. "அலசுறதுக்குத் தனி வாளி ரெண்டு வாங்கி வெச்சிடுங்க. பழசு ஒடஞ்சிப்போயி கெடக்குது" என்று உரிமையாளரிடம் சொன்னார். அதற்கப்புறம்தான், "வர்றேன்" என்றார்.

மீதிக் காரை நானே தேய்த்து முடித்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓரடி, இரண்டடி. அழுத்தாமல், நேர்கோட்டில், நிழலில். அவர் சொன்ன மாதிரி அழுத்தாமல் தேய்த்ததில் வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆடி பிறந்துவிட்டது. மழைக்கு நடுவே ஒருநாள் வெயில் அடித்தபோது காரை வாசலில் நிறுத்திப் பார்த்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் இன்னும் சில கீறல்கள் தெரிகின்றன. கையால் அவ்வளவுதான் முடியும். விபூதிப் பட்டை இப்போது முன்கண்ணாடியின் ஓரத்தில் மட்டும்.

மாதம் ஒருமுறை கார் அவரிடம்தான் போகிறது. பலகை மேல் ஏறிக் கூரையைத் துடைக்கிறார். நான் விரட்டுவதில்லை. 'போகட்டும், பரவாயில்லை சார்' என்று அவர் இன்றுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆரம்பத்தில் அதை எதிர்பார்த்தேன், இப்போது எதிர்பார்ப்பதில்லை. அவர் அன்று என்னிடம் கேட்டது என் நிம்மதியை அல்ல, அவருடைய பெயரை.

அலுவலகத்தில் யார் மேலாவது பழி சொல்ல இப்போதும் வாய் திறக்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் என் காரின் கூரையில் நான் தொடாததால் மட்டுமே சுத்தமாக இருந்த அந்தப் பாய் அளவு இடம் கண் முன்னால் வந்துவிடுகிறது. முதலில் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்ப்போம் என்று வாயை மூடிக்கொள்கிறேன்.